மேல்தளத்தில் பாட்டு, கீழ்த்தளத்தில் கணக்கு

கோயில் வீதியில் சாமி புறப்படும்போது மேளக்காரரை எண்ணிப் பார்ப்பது சிறு வயதிலிருந்தே என் பழக்கம். நாதஸ்வரம் 2, தவில் 2, தாளம் 1, ஒத்து 1. ஆறு பேர். உற்சவம் பெரிதென்றால் தவில் நான்காகும், ஆட்கள் எட்டாவார்கள். அவ்வளவுதான். அந்த ஆறோ எட்டோ பேர் வாசித்தால், தெருக்கோடியில் படுத்திருக்கும் கிழவிக்கும் சாமி இப்போது எந்தச் சந்தியில் நிற்கிறது என்று தெரிந்துவிடும். சதிருக்கு வாசித்த சின்ன மேளத்திலிருந்து பிரித்துச் சொல்ல இதற்குப் பெரிய மேளம் என்று பெயர்.

1930களில் அமெரிக்காவிலும் ஒரு வாத்தியக் குழுவுக்கு இதே பொருளில் பெயர் வந்தது: பிக் பாண்ட். ஸ்விங் என்ற ஆட்ட இசையை வாசித்த குழு. அங்கே பெரியது என்று சொல்ல 13 முதல் 17 பேர் வேண்டும். 1938 ஜனவரி 16 அன்று நியூயோர்க் கார்னகி மண்டபத்தில் பென்னி குட்மன் வாசித்தபோது மேடையில் இருந்த அவருடைய குழு இது: ட்ரம்பெட் 3, ட்ராம்போன் 2, சாக்ஸபோன் 4, பியானோ, கிட்டார், டபுள் பேஸ், ட்ரம்ஸ் என்று தாளப்பகுதி 4, முன்னால் கிளாரினெட்டோடு குட்மன். கூட்டினால் 14. கிளென் மில்லரின் குழு 1940 வாக்கில் 4 ட்ரம்பெட், 4 ட்ராம்போன், 5 சாக்ஸபோன், 4 தாளப்பகுதி என்று 17 வரை வளர்ந்தது.

14 பேர் என்றால் 14 சம்பளம், 14 சாப்பாடு, 14 படுக்கை. ஒரு நாள் ஆட்டம் இல்லாவிட்டாலும் அந்த 14 வாயும் சாப்பிட வேண்டும். கார்னகியில் 2,760 இருக்கைகள். முதல்தரச் சீட்டு 2.75 டொலர். அன்றைய நாணய மாற்றில் ஒரு பவுண் சுமார் 5 டொலர், நம் ரூபாய் ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ்; ஆகவே அந்தச் சீட்டு ஏறக்குறைய 7 ரூபாய் 30 சதம். இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் அப்படிக் காசு கொடுத்து உட்கார ஒரு நகரம் இருந்தால்தான் 14 பேரைக் கட்டி மேய்க்க முடியும். 1921 குடிசன மதிப்பீட்டில் திருகோணமலை மாவட்டம் முழுவதிலும் இருந்த மக்கள் 34,112. வயல்காரரும் கரைவலைக்காரரும் அதில் பெரும்பகுதி. இப்படிப்பட்ட ஊரில், 1942 முதல் 1945 வரை, பெரிய வாத்தியக் குழுக்கள் ஒன்றல்ல, பல இருந்தன. அவற்றுக்கான காசை யார் கட்டினார்கள், பதிலுக்கு எதை எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் இந்தக் கணக்கு.

கட்டியது பிரித்தானியக் கடற்படை.

1903க்கு முன்பு போர்க்கப்பல் பாண்டுகளின் செலவில் பெரும்பங்கு கப்பல் தலைவரும் அதிகாரிகளும் தங்கள் கையிலிருந்து போட்டது. மோல்ட்டாத் தீவுக்காரரையும் இத்தாலியரையும் கூலிக்கு அமர்த்தினார்கள். அந்த ஆண்டில் போர்ட்ஸ்மவுத்தின் ஈஸ்ட்னியில் றோயல் கடற்படை இசைப் பள்ளி தொடங்கியது. கப்பல் பாண்டுகள் றோயல் மரீன் படையின் கீழ் வந்தன. அதன் பிறகு வாத்தியக்காரன் அரசுச் சம்பளக்காரன். ஒவ்வொருவரும் இரண்டு வாத்தியம் படிக்க வேண்டும், ஒன்று ஊதுவது, ஒன்று நரம்பு. காலையில் கொடி ஏற்றும்போது கொர்னெட் ஊதியவர் இரவு விருந்தில் வயலின் எடுப்பார். கிளாரினெட்காரர் சாக்ஸபோனை எடுத்துக்கொள்ள, பேஸ்காரரும் ட்ரம்ஸ்காரரும் பின்னால் நிற்க, அதே ஆட்களிலிருந்தே ஒரு நடனக் குழு கிடைத்துவிடும். ஒரு சம்பளத்துக்கு இரண்டு வாத்தியம். பெரிய கப்பலில் இருபதை ஒட்டி ஆட்கள், குறூஸரில் அதைவிடக் குறைவு. குட்மன் நியூயோர்க்கில் சீட்டு விற்றுச் சேர்த்த எண்ணிக்கை, இங்கே துறைமுகத்தில் நங்கூரமிட்ட ஒவ்வொரு பெரிய கப்பலோடும் தானாக வந்து சேர்ந்தது.

இது வரவுப் பக்கம். செலவுப் பக்கம் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தது.

போர்ச் சங்கு ஊதியதும் வாத்தியங்களைப் பெட்டியில் வைத்துவிட்டு மரீன் வாத்தியக்காரர் இறங்கிப் போகும் இடம், பீரங்கிகளுக்குக் குறி கணிக்கும் அறை. கவசத் தகட்டுக்கு அடியில், கப்பலின் வயிற்றில் இருக்கும். தலைக்கு மேலே கனத்த இரும்பு மூடி. நடுவில் பற்சக்கரங்களால் ஆன பெரிய கணக்குப் பொறி, அதைச் சுற்றிக் கைச்சக்கரங்களும் முட்களும். எதிரிக் கப்பலின் தூரம், திசை, வேகம், நம் கப்பலின் வேகம் என்று மேலேயிருந்து வரும் ஒவ்வொரு அளவுக்கும் ஒரு முள் நகரும். அதன்மேல் தன் முள்ளைப் பொருத்தி விலகாமல் பிடிப்பது சக்கரம் சுற்றுபவரின் வேலை. அந்த அறையில் கடல் தெரியாது, எதிரி தெரியாது, சுட்டது பட்டதா என்பதும் தெரியாது. முள்தான் தெரியும். குழுத் தலைவரின் கோலைப் பார்த்து, பக்கத்து ஆளோடு ஒரே கணத்தில் சேர்ந்து இயங்கப் பழகியவர்களுக்கு இது கைவந்தது. அவர்களை அங்கே இருத்தியது பொருத்தமான ஏற்பாடு என்றே நினைக்கிறேன். அதைச் சொல்லும்போது எனக்கு வயிறு கலங்கவும் செய்கிறது, ஏனென்றால் கப்பல் மூழ்கும்போது அந்த அறையிலிருந்து மேலே வரும் வழிதான் மிக நீளமானது.

திருகோணமலையிலிருந்து புறப்பட்ட ஒரு பயணத்தை மட்டும் எடுத்துப் பார்க்கலாம். 1944 ஜூலை 22 அன்று பிரித்தானியரின் கிழக்குக் கப்பற்படை துறைமுகத்தை விட்டது. 25ஆம் திகதி காலை, வங்கக் கடலின் மறுகரையில், ஏறக்குறைய 1,600 கிலோமீற்றர் தூரத்தில், ஜப்பானியர் வசமிருந்த சபாங் துறைமுகத்தைச் சுட்டது. குயின் எலிசபெத் 8 பீரங்கி, வேலியண்ட் 8, ரெனவுன் 6, பிரெஞ்சுக் கப்பல் ரிஷலியு 8. ஆக 15 அங்குலப் பீரங்கிகள் 30. அவை சுட்ட குண்டுகள் 294. ஒரு குண்டு கிட்டத்தட்ட 880 கிலோ. பெருக்கினால் 259 தொன் வருகிறது. பீரங்கி ஒன்றுக்குப் பத்துக்குச் சற்றுக் குறைவான வெடி. 27ஆம் திகதி கப்பல்கள் திருகோணமலைக்குத் திரும்பின. அந்த மூன்று பிரித்தானியப் பெருங்கப்பல்களிலும் இருந்த வாத்தியக்காரர், 22இல் போகும்போதும் 27இல் வந்தபோதும் இசைக்காரர், 25இல் கணக்குப்பிள்ளைகள்.

இரண்டு வாரம் கழித்து, ஆகஸ்ட் 8 அன்று, 50,000 தொன் தூக்கக்கூடிய மிதக்கும் துறையொன்று திருகோணமலையில் வேலியண்ட்டைச் சுமந்தபடியே உடைந்து அமிழ்ந்தது. கப்பல் தப்பியது, ஆனால் அடிப்பக்கம் பலத்த சேதம், அதன்பின் அது போர்முனைக்கு வரவில்லை. அதோடு திருகோணமலையின் இரவுகளில் ஒரு பாண்ட் குறைந்தது. போர் வரலாறு எழுதுபவர்கள் பீரங்கி எட்டைத்தான் கழிக்கிறார்கள். நான் ட்ரம்பெட்டையும் கழிக்கிறேன்.

மொத்தக் கணக்கு இது: இரண்டாம் உலகப் போரில் இறந்த றோயல் மரீன் வாத்தியக்காரர் 225 பேர். இசைப் பிரிவின் மொத்தத் தொகையில் கால்வாசி. 14 பேர் கொண்ட குட்மன் குழுவில் கால்வாசியைக் கழித்துப் பாருங்கள்: மூன்றரை ஆள். மூன்று ட்ரம்பெட்டும் காலியாகி, ட்ராம்போன் நாற்காலியும் பாதி போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம். போரில் சண்டைப் பிரிவுகள் பலவற்றில்கூட இந்த விகிதம் இல்லை.

அமெரிக்கப் பக்கம் இன்னும் கொடுமையான எண் ஒன்று உண்டு. யூ.எஸ்.எஸ். அரிசோனாவின் பாண்டில் 21 பேர். பேர்ள் துறைமுகத்தில் கப்பல்களுக்கிடையே பாண்ட் போட்டி நடந்துகொண்டிருந்த காலம் அது. அணிவகுப்பு இசையோடு ஸ்விங்கும் வாசிக்க வேண்டும். 1941 டிசம்பர் 6 இரவு அவர்கள் மற்றக் கப்பல்களின் போட்டியைக் கேட்கப் போனார்கள். மறுநாள் காலை கொடியேற்ற நேரத்தில் தாக்குதல். அவர்களுடைய போர்க்கால இடமும் கீழேதான், பீரங்கி மருந்து ஏற்றும் இடம். 21 பேரில் 21 பேரும் போனார்கள்.

திருகோணமலைக்கும் ஸ்விங்கின் உச்சக் குழுக்களில் ஒன்றுக்கும் நேரான தொடுப்பு உண்டென்றால் அது ஒரு கப்பல்தான். ஆர்ட்டி ஷா 1938இல் பதிவு செய்த ‘பிகின் தி பிகீன்’ இசைத்தட்டால் குட்மனுக்கு நிகரான பெயர் எடுத்தவர். 1942இல் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்தார். கடற்படைப் பாண்ட் ஒன்றை நடத்தி, 1943இல் பசிபிக் தீவுகளில் கப்பல் கப்பலாக வாசித்தார். யூ.எஸ்.எஸ். சரட்டோகா விமானந்தாங்கியில் வாசித்த இரவைப் பற்றிப் பின்னாளில் பேட்டிகளில் விவரித்திருக்கிறார். விமானங்களை மேலும் கீழும் ஏற்றியிறக்கும் மேடையில் குழு நின்று வாசித்துக்கொண்டே, கீழே விமானக் கொட்டகைக்குள் இறங்கியிருக்கிறது. அங்கே 3,000 மாலுமிகள். எழுந்த ஆரவாரத்தில் ஷாவுக்குத் தொண்டை அடைத்துவிட்டதாம். அந்தக் காட்சியை நினைக்கும்போது எனக்குத் தேர் நிலைக்கு வரும் நேரம் ஞாபகம் வருகிறது: முதலில் சத்தம், பிறகுதான் உருவம்.

அதே சரட்டோகா 1944 மார்ச் 31 அன்று மூன்று நாசகாரிகளோடு திருகோணமலைக்கு வந்தது. ஷா அதற்குள் உடல்நலம் கெட்டுக் கடற்படையை விட்டிருந்தார். ஆனால் அந்தக் கொட்டகையில் நின்று அவரைக் கேட்ட மாலுமிகளில் எத்தனையோ பேர் நம் கடற்கரை வெயிலில் நடந்திருப்பார்கள். 3,000 என்பது அன்றைய திருகோணமலையில் சிறிய எண் அல்ல. 1946 குடிசன மதிப்பீட்டில் மாவட்ட மக்கள் 75,926. ஒரு கப்பலின் ஆட்கள் மட்டும் அதில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. ஏப்ரலில் ரிஷலியுவும் வந்தபோது ஆறு நாடுகளின் போர்க்கப்பல்கள் ஒரே குடாவில் நின்றன. மே 18 அன்று சரட்டோகா பிரிந்தபோது, கிழக்குக் கப்பற்படை கடலில் வரிசையாகி மரியாதை செய்ய, நடுவே அது கடந்து போனது. இரு பக்கமும் மாலுமிகள் ஆரவாரம் செய்தார்கள்.

இப்போது வெப்பத்தின் கணக்குக்கு வருகிறேன். இசை பற்றி எழுதுபவர்கள் இதைத் தொடுவதே இல்லை; எனக்கோ இதுதான் மிகப் பிடித்த பகுதி.

1939இல் லண்டனில் கூடிய மாநாடு, மத்திய ஏ ஸ்வரம் செக்கனுக்கு 440 அதிர்வு என்று முடிவு செய்தது. ஊதும் வாத்தியத்தில் சுருதி, குழலுக்குள் இருக்கும் காற்றில் ஒலி போகும் வேகத்தைப் பொறுத்தது. 20 பாகையில் அந்த வேகம் செக்கனுக்கு 343 மீற்றர். 32 பாகையில் 350. நூற்றுக்கு இரண்டு கூடுகிறது. அதனால் 440 என்று செய்யப்பட்ட குழல், காற்று முழுதும் சூடானால், 449ஐ எட்டப் பார்க்கும். ஒரு அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். மூச்சு குழலைச் சூடாக்குவதால் நடைமுறையில் இந்த வித்தியாசம் சற்றுக் குறையும். ஆனால் காதுக்குத் தெரியாமல் போகாது. மேயிலிருந்து ஆகஸ்ட் வரை எங்கள் ஊரில் கச்சான் காற்று அடிக்கும். மேற்கிலிருந்து காடு கடந்து வரும் சூட்டுக் காற்று, பகலில் 33, 34 பாகை சாதாரணம். இங்கிலாந்துக் குளிரில் சுருதி சேர்த்த சாக்ஸபோன் நான்கும் ட்ரம்பெட் மூன்றும் மேலே ஏறும். பியானோ அப்படி ஏறாது, அது கம்பியும் மரமும், கடற்காற்றின் ஈரத்துக்குத் தன்பாட்டில் மாறும். ஊதுகுழல்காரர் குழாயை வெளியே இழுத்துச் சுருதியைத் தணித்துச் சமாளிக்க வேண்டும்; ட்ரம்பெட்டில் அது விரல் அகலக் கணக்கு, சாக்ஸபோனில் வாய்முனையை வெளியே எடுப்பது.

தாளுக்கும் ஒரு கணக்குப் போடலாம். நான்கு மணி நேர நடனம், மணிக்கு 15 உருப்படி என்றால் 60. ஒவ்வோர் ஆளுக்கும் தனித்தனிப் பகுதி எழுதிய தாள் வேண்டும்: 60 × 14 = 840 தாள். இது என் பெருக்கல்தான், ஆனால் ஸ்விங் என்ற இசை எவ்வளவு தூரம் எழுத்தை நம்பியது என்பது இதில் தெரியும். நம் மேளத்தில் தாள் பூச்சியம். மார்கழி மழையில் எழுத்து ஊறிப் போகும் அபாயமும் பூச்சியம். நம்முடைய செலவு வேறு இடத்தில் இருக்கிறது: ஒரு பிள்ளை தவிலில் கையை வைத்து, கச்சேரியில் உட்காரும் தகுதி பெற எடுக்கும் ஆண்டுகள். அதை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் யாரும் பதிந்ததில்லை.

இசைத்தட்டு விஷயம் நம் கடலோடு இன்னும் நெருக்கம். 78 சுற்றுத் தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடம், கிட்டத்தட்ட 234 சுற்று. அமெரிக்காவில் புளூபேர்ட் முத்திரைத் தட்டு 35 சதம். போர்க்கால மாற்றில், பவுணுக்கு 4.03 டொலர் என்றால், நம் காசில் 1 ரூபாய் 16 சதம். அந்தத் தட்டைக் கெட்டியாகப் பிடித்து வைத்திருந்தது அரக்கு. பாரதத்தில் பாண்டவருக்குக் கட்டிய மாளிகையும் அரக்குத்தான், எரியும் என்பதால். கிளென் மில்லரின் ‘இன் தி மூட்’ சுழன்றதும் அதே பொருளில். உலகத்துக்கு அரக்கைக் கொடுத்தது பெரும்பாலும் இந்தியா, சோட்டா நாக்பூர்க் காடுகளிலிருந்து கல்கத்தா வழியாக. 1942 ஏப்ரல் முதல் வாரத்தில் ஜப்பானியக் கப்பல்கள் வங்கக் கடலில் 23 வணிகக் கப்பல்களை மூழ்கடித்தன. அவற்றின் மொத்தக் கொள்ளளவு ஒரு லட்சத்துப் பன்னீராயிரம் தொன். ஏப்ரல் 9 அன்று திருகோணமலைத் துறைமுகமும் சீனக்குடா விமானத் தளமும் குண்டு வாங்கின. மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மீஸ் விமானந்தாங்கி மூழ்கி 307 பேர் இறந்தார்கள். சீனக்குடாவில் எண்ணெய்க் குதம் ஒன்று நாட்கணக்கில் எரிந்தது. அதே ஏப்ரலில்தான் அமெரிக்க அரசு இசைத்தட்டுக்கு அரக்குப் பயன்பாட்டை 70 சதவீதம் வெட்டியது. அது போதாதென்று, ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்க வாத்தியக்காரர் சங்கம் தட்டுப் பதிவையே நிறுத்தி வேலைநிறுத்தம் தொடங்கியது. பெரிய கம்பெனிகளோடு அது முடிய 1944 நவம்பர் ஆயிற்று. ஆக, ஸ்விங்கின் உச்சக் காலத்தில் இரண்டு ஆண்டுக்கும் மேலாகப் புதுத்தட்டு அபூர்வம். வாத்தியக்காரர் நேரில் நின்று ஊதினால்தான் இசை.

நம் பக்கத்து ஊர்களில் அப்படி நேரில் நின்று ஊதியவர்களில் முக்கியமானவர் டெடி வெதர்ஃபோர்ட். 1903இல் அமெரிக்காவின் வெர்ஜினியாவில் பிறந்த கறுப்பினப் பியானோக்காரர். சிக்காகோவில் லூயி ஆம்ஸ்ட்ரோங்கோடு ஒரே குழுவில் வாசித்தவர். 1926இல் கிழக்கே வந்தவர் ஷங்காய், பம்பாய் தாஜ்மகால் ஹோட்டல், கொழும்பு கோல்ஃபேஸ் ஹோட்டல் என்று நகர்ந்து, போர்க்காலத்தில் கல்கத்தா கிராண்ட் ஹோட்டலில் குழு நடத்தினார். அந்தக் குழுவில் அமெரிக்கர், பர்மாவிலிருந்து அகதியாக வந்தவர், நேபாளி என்று எல்லோரும் இருந்தார்கள். ஹோட்டல் என்பது சம்பளப் பட்டியலின் இன்னொரு வகை: இரவு உணவுக்கு வருபவர் கட்டுவதில் பாண்ட் சாப்பிடும். 1945 ஏப்ரல் 25 அன்று கொலராவில் இறந்தார், வயது 41. கோல்ஃபேஸ் ஹோட்டலுக்கும் திருகோணமலைக்கும் இடையில் ஓர் இரவு ரயில் தூரம். ஆனால் இங்கே அப்படி ஒரு ஹோட்டல் இல்லை. ஆகையால் கப்பல்தான் ஹோட்டல்.

கடற்படைத் தளத்தின் வேலிக்கு வெளியே என்ன இருந்தது? மாவட்ட மக்கள் தொகை 25 ஆண்டில் 34,112இலிருந்து 75,926 ஆனது. இரண்டு மடங்குக்கும் மேல். டொக்யார்ட்டும் விமானத் தளமும் குதங்களும் கூலியாட்களை இழுத்துக்கொண்டன. பட்டணத்துப் பறங்கியர் கல்யாணத்தில் வயலினும் மண்டலினும் றபானும் வைத்து, ஆறெட்டுத் தாளத்தில் கஃப்ரிஞ்ஞா ஆடினார்கள். நாலைந்து வாத்தியக்காரர் போதும், அவர்களும் உறவுக்காரர். கோயிலில் ஆறு பேர். இவை இரண்டும் சிறிய கணக்கு, குடும்பக் கணக்கு. அப்பனிடம் மகன், மாமனிடம் மருமகன் கற்பது. ஆட்டம் இல்லாத நாளில் சம்பளம் இல்லை, ஆனால் கலைக்க வேண்டிய குழுவும் இல்லை. கல்யாணம், சாமத்தியச் சடங்கு, கோயில் உற்சவம் என்று பஞ்சாங்கம்தான் சம்பளப் பட்டியல்.

1945 ஜனவரி 16 அன்று நான்கு விமானந்தாங்கிகளும் கிங் ஜோர்ஜ் V கப்பலும் திருகோணமலையை விட்டுப் பசிபிக்கை நோக்கிப் புறப்பட்டன. துறைமுகம் வெறுமையாகிவிடவில்லை, கிழக்கிந்தியக் கப்பற்படை இன்னும் இருந்தது. ஆனால் அந்த ஒரு நாளில் புறப்பட்டுப் போன பித்தளையை நிறுத்துப் பார்க்கத் தராசு இல்லை.

அமெரிக்காவில் அதற்குள் குழுக்களே சரியத் தொடங்கியிருந்தன. 1944 ஏப்ரலில் ஆட்டமோ பாட்டோ உள்ள விடுதிகளுக்கு 30 சதவீத வரி வந்தது. ஜூலையில் அது 20 ஆகக் குறைந்தாலும், விடுதிக்காரர்கள் ஆட்டத் தளத்தை மூடிவிட்டு வெறும் வாத்திய இசைக்கு மாறினார்கள், அதற்கு வரி இல்லை. 1946 இறுதியில் சில வாரங்களுக்குள் எட்டுப் பெரிய குழுக்கள் கலைந்தன. குட்மன், ஹரி ஜேம்ஸ், டொமி டோர்சி, வூடி ஹெர்மன் ஆகியோரின் குழுக்கள் அதில் அடக்கம். பிறகு வந்தவை ஐந்து பேர் குழுக்கள். சார்லி பார்க்கரோடு நின்றவர்களை எண்ணிப் பாருங்கள்: சாக்ஸபோன், ட்ரம்பெட், பியானோ, பேஸ், ட்ரம்ஸ். நம் மேளத்தின் எண்ணிக்கைக்குக் கிட்டவே அவர்களும் வந்து சேர்ந்தார்கள். 14 வாய்க்குச் சோறு போடும் ஆள் இல்லாமல் போனால் இசை ஐந்தாகச் சுருங்கிப் பிழைத்துக்கொள்ளும்.

போர்க்காலத்தில் படையினருக்காகக் கொழும்பில் தொடங்கிய ரேடியோ சீயாக்கின் ஒலிபரப்பி, போருக்குப் பின் இலங்கை வானொலியின் கைக்கு வந்தது. ஒரு ஒலிபரப்பி, ஒரு தட்டு, ஆயிரக்கணக்கான வீடுகள். திருகோணமலையில் கடற்படைத் தளம் 1957 ஒக்டோபர் 15 அன்று இலங்கையிடம் கைமாறியது. மரீன் பாண்ட்கள் தங்களுக்குப் பின்னால் இங்கே ஒரு நடனக் குழுவைக்கூட விட்டுப் போகவில்லை என்பதே என் முடிவு. விட்டுப் போக அவர்களிடம் எதுவும் இல்லை: வாத்தியம் அரசுடையது, தாள் அரசுடையது, ஆள் அரசுடையவர்.

அதற்கு நூற்றைம்பது ஆண்டுக்கு முந்திய சென்னையில் கதை வேறாக இருந்தது என்பதால்தான் இது உறுத்துகிறது. புனித ஜோர்ஜ் கோட்டைப் பாண்ட் வாசித்த மெட்டுகளைக் கேட்ட முத்துசுவாமி தீட்சிதர் அவற்றுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்தார். நோட்டுஸ்வரம் என்று சுமார் 40 உருப்படி. அவருடைய தம்பி பாலுசுவாமி கோட்டையின் பாண்ட்காரரிடம் வயலின் கற்று, அதைக் கர்நாடக மேடைக்குக் கொண்டுவந்தார். கோட்டை வாத்தியத்தை நின்று கேட்கக்கூடிய தூரத்தில் தமிழர் குடியிருந்தார்கள். திருகோணமலையில் பாண்ட் வாசித்தது தண்ணீருக்கு நடுவில், அனுமதிச் சீட்டு இல்லாமல் போக முடியாத கப்பலில். ஆகவே எங்கள் கல்யாண வீடுகளில் நாதஸ்வரக்காரர் முடிக்கும் நேரத்தில் ‘இங்கிலீஷ் நோட்’ எடுத்தால், அது முத்தையா பாகவதர் செய்து மதுரை மணி ஐயர் பாடிப் பரப்பியது. மெட்ராஸ் வழியாக வந்தது. எங்கள் துறைமுகத்து நீர் தாண்டி வந்தது அல்ல.

நிலாவெளி வீதியில் உப்புவெளியில் இருக்கும் போர்க்கால மயானத்துக்கு ஆண்டில் இரண்டு மூன்று தடவை போவேன். முந்நூறுக்கும் மேற்பட்ட கற்கள், வெட்டிவிட்ட புல், ஒரே அளவு இடைவெளி. கடலில் போனவருக்கு இங்கே கல் கிடையாது. அவர்கள் பெயர் போர்ட்ஸ்மவுத்திலும் பிளைமவுத்திலும் சத்தாமிலும் உள்ள நினைவுத் தூண்களில் இருக்கிறது. குறி கணிக்கும் அறையில் முள்ளைப் பிடித்தபடி போனவர்களும் அங்கேதான், பெயருக்குப் பக்கத்தில் ‘வாத்தியக்காரர்’ என்ற பதவியோடு.

போன கச்சான் காலத்தில் ஒரு கோயில் உற்சவத்தில் மறுபடி எண்ணினேன். நாதஸ்வரம் 2, தவில் 2, தாளம் 1. ஒத்து இல்லை. அந்த இடத்தில் கதிரையொன்றின் மேல் மின்சாரச் சுருதிப்பெட்டி. ஒரு சம்பளம் மிச்சம் என்று தர்மகர்த்தாவின் கணக்கில் விழுந்திருக்கும். ஒத்து இருந்த நாளில் நாதஸ்வரத்தோடு சேர்ந்து அதுவும் ஒரே காற்றில் சூடாகி, ஒரே அளவு மேலே ஏறும். இரண்டுக்கும் சண்டை இல்லை. பெட்டிக்கு வெயில் தெரியாது. பெரியவர் இரண்டு தரம் ஊதிப் பார்த்தார், தலையை ஆட்டினார், கெண்டையை உருவி எடுத்தார். மடியிலிருந்து நூலை எடுத்து மூன்று சுற்றுச் சுற்றி, முன்பைவிட ஒரு நெல்மணி அளவு வெளியே நிற்கும்படி மறுபடி செருகினார். பக்கத்தில் நின்ற மகன் தன் வாத்தியத்திலும் அதையே செய்தான். தவில்காரர் இருவரும் வாரை இறுக்கிக்கொண்டு காத்திருந்தார்கள். பெரியவர் மறுபடி ஊதிப் பார்த்தார். இன்னும் ஒரு சுற்று நூல் வேண்டியிருந்தது.